படம் தனி, சத்தம் தனி

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது என் எண்ணைத் தேடிப் பிடித்து, இதற்கு எவ்வளவு கொடுத்தார்கள், யாரெல்லாம் படிப்பார்கள், நடுவில் போட்டோ போடுவார்களா என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் போனை வைப்பார். பதில் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லி முடிக்க ஆயுள் போதுமா என்பதுதான் சந்தேகம்.

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். வாசலுக்கு நேரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்; வந்தவர்களை வரவேற்பதும் அவர் வேலைதான். காவேரிப்பட்டினத்துக்காரர். கன்னடம், தெலுங்கு இரண்டும் எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "கத்துக்கிட்டதெல்லாம் இல்ல சார், விசாரிச்சு விசாரிச்சு வந்ததுதான்" என்றார். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவன். எங்கள் ஆலையில் ஒரு போல்ட்டை முடுக்குவதற்கும் எழுதி வைத்த செய்முறை உண்டு. பெரும்பாலானவற்றை எழுதியவன் நான். எழுதியிருப்பதைப் படித்தால் போதும், யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்பது என் கொள்கை. அவருடைய கொள்கை நேர் எதிர்.

ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தேன். ஊருக்குப் போகக் கிளம்பியிருந்தார்; எனக்கும் கிருஷ்ணகிரியில் வேலை இருந்தது. கிருஷ்ணகிரி பஸ் என்று முன்னாலும் பக்கத்திலும் எழுதியிருந்த வண்டியின் கண்டக்டரிடம் "கிருஷ்ணகிரி போகுங்களா?" என்று கேட்டார். அவர் போகும் என்றார். டிரைவரிடம் கேட்டார். அவரும் தலையாட்டினார். பிறகு, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம் கேட்டார்.

"ஏம்மா, மாசாமாசம் நீங்க ஏறிப் போற பஸ். போகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"போற பஸ்ஸுன்னு தெரியும் சார். இன்னிக்குப் போகுதான்னு தெரியாதில்ல."

அந்தப் பூக்காரப் பெண்மணி, சூளகிரி பக்கம் சாலை வேலை நடப்பதால் இந்த வண்டி சுற்றிக்கொண்டு போவதாகவும், பின்னால் நிற்கும் வண்டி சீக்கிரம் போய்விடும் என்றும் சொன்னார். நம்மவர் இறங்கிப் பின்னால் இருந்த வண்டிக்குப் போனார். நான், பலகையில் எழுதியிருந்ததை நம்பி, முதல் வண்டியில் ஏறினேன்.

வெளிநாட்டுத் தணிக்கையாளர் ஒருவர் ஆலைக்கு வந்த சமயம். வாரக்கணக்கில் எல்லோருக்கும் பாடம் எடுத்திருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்காததைச் சொல்லக் கூடாது, தெரியாவிட்டால் செய்முறையைக் காட்ட வேண்டும். தணிக்கையாளர் எந்தப் பிரிவுக்கு முதலில் போவார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அந்த ரகசியத்தில்தான் தணிக்கையின் மானமே இருக்கிறது. அவர் வரவேற்பறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நம்மவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சார், டுடே ஃபர்ஸ்ட் விச் டிபார்ட்மென்ட் சார்?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த மனிதரை அவர் உத்தியோக வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட், பிறகு ஸ்டோர்ஸ் என்று சொல்லிவிட்டார். நான் தணிக்கையாளரை அழைத்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள், வரவேற்பிலிருந்து போன் போய், ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு கல்யாண வீடு மாதிரி ஆகியிருந்தது. தரையில் எண்ணெய்க் கறை இல்லை. எல்லோரும் தலை வாரியிருந்தார்கள்.

மாலையில் கூப்பிட்டுக் கண்டித்தேன். "அவர்கிட்ட அப்படிக் கேக்கறது முறையில்லம்மா."

"சொல்லக்கூடாதுன்னா அவர் சொல்லாம இருந்திருப்பாருல்ல சார்? பெரிய மனுஷன்தான அவரும்?"

அடுத்த திருத்தப் பதிப்பில், வரவேற்பில் இருப்பவர் தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். நான் எழுதியவற்றில் ஒரு நாள்கூட அமலாகாத வரி அது ஒன்றுதான்.

அவர் கேள்வி கேட்பது எப்போதும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவும் இருக்கவில்லை. கணக்குப் பிரிவில் ஒருவருடைய மகள், கல்யாணமான சில மாதங்களில் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆலை முழுக்கத் தெரிந்த செய்தி. தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. இவர் மட்டும் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டு, "பொண்ணு ஏன் சார் வந்துடுச்சு?" என்று நேராகக் கேட்டார். அந்த மனிதர் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இவரோடு பேசவே இல்லை. ஒவ்வொரு காலையிலும் அவருக்கு வரும் முதல் அழைப்பை இணைக்கும்போது, "சாப்டீங்களா சார்?" என்று இவர் கேட்பார். பதில் வராது. கேட்பதையும் இவர் நிறுத்தவில்லை. அந்த மனிதர் ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று என்னிடம் சொன்னபோது மட்டும் இவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் ஓய்வு பெற்ற காலத்தில்தான் என் மனைவிக்குக் கண் போயிற்று. சர்க்கரை நோய் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. லேசர் சிகிச்சை செய்தும் நிற்கவில்லை. உறவினர்கள் வருவார்கள். எல்லாவற்றையும் பேசுவார்கள், கண்ணைத் தவிர. சிலர் அவளுக்குக் காதும் கேட்காது என்பதுபோல என்னிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். நம்மவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். செய்தி தெரிந்து வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, எவ்ளோ தெரியுது? வெளிச்சம் தெரியுதா? நான் நிக்கறது நிழலாவாச்சும் தெரியுதா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் ஒரு வெளுப்பு தெரிகிறது, ஆள் குறுக்கே போனால் அந்த வெளுப்பு அணைந்து எரிகிறது, இடது கண்ணில் அதுவும் இல்லை என்று விளக்கமாகச் சொன்னாள். டாக்டரிடம்கூட அவள் அவ்வளவு சொல்லி நான் கேட்டதில்லை. அன்று முதல் சாயங்காலங்களில் அவர் வேலை முடிந்து எங்கள் வீட்டு வழியாகத்தான் போவார்.

என் மனைவி சினிமாப் பைத்தியம். கண் போன பிறகும் "படம் பார்க்கிறேன்" என்றுதான் சொல்வாள். அது வீம்பு என்று முதலில் நினைத்தேன். மகன் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த ஹோம் தியேட்டர் ஒன்று ஹாலில் இருந்தது. முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக ஸ்பீக்கர்கள், ஒரு பக்கம் கனமான பேஸ் பெட்டி. அவள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இப்ப அவன் வாசல் பக்கம் போறான், அவ அடுப்படியில இருக்கா" என்பாள். சரியாக இருக்கும். வசனத்தை விட, யார் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார்கள் என்பதுதான் அவளுக்குப் படம். ஆம்ப்ளிஃபயரின் பொத்தான்கள் உருண்டையாகப் புடைத்திருந்ததால் தானே போடுவாள், தானே நிறுத்துவாள். பகலில் அவள் தன் கையால் செய்துகொண்ட வேலைகளில் அதுவும் ஒன்று.

ஒரு கோடை மழையில் இடி விழுந்து டிவியும் டிவிடி பிளேயரும் ஒன்றாகப் போயின. ஆம்ப்ளிஃபயர் மட்டும் பிளக்கிலிருந்து எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தது. வேலை நிமித்தம் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த மகன், பெங்களூரிலிருந்து தட்டையான டிவி ஒன்றும், படங்களை எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஓட்டும் புது பிளேயர் ஒன்றும் வாங்கி மாட்டிவிட்டு விமானம் ஏறினான். பிளேயரின் முதுகில் இருந்தது ஒரே துளை, எச்டிஎம்ஐ. படமும் சத்தமும் ஒரே கேபிளில் டிவிக்குப் போய்விடும். டிவியிலிருந்து சத்தத்தை வெளியே எடுக்க வழியே வைத்திருக்கவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிந்ததோ சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளைகள் மட்டும். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியவில்லை.

தட்டை டிவியின் ஸ்பீக்கர்கள் அதன் முதுகில், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தன. என் மனைவி முதல் நாள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் ஒரே எடத்துல நின்னு பேசறாங்க. நிறுத்திடுங்க."

போனில் மகன், புது ஹோம் தியேட்டரே வாங்கிவிடலாம் என்றான். புதியவற்றில் எல்லாமே திரையில் பார்த்து அமுக்குகிறவை. அவள் வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு ஹாலுக்கே வருவதைக் குறைத்தாள். வெளிச்சம் இருக்கும்போதே படுக்கையறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பாடும் அங்கேதான் என்று ஆயிற்று. பேசினால் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. கண் போனபோது அவள் அப்படி ஆகவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

நான் முறைப்படி செயல்பட்டேன். இரண்டு கையேடுகளையும் படித்தேன். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறு முனையில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பிளக்குகள் உள்ள கேபிள் ஒன்றை ஓசூர் பஜாரில் கண்டுபிடித்து வாங்கி வந்தேன். எல்லாத் துளையிலும் கச்சிதமாகப் பொருந்தியது. சத்தம் வரவில்லை. படமும் போய்விட்டது. அந்தக் கேபிளுக்குள் கம்பியைத் தவிர எதுவும் கிடையாது, எச்டிஎம்ஐயில் போவது வேறு மாதிரி சமிக்ஞை, அதை மாற்றிக் கொடுக்க நடுவில் ஏதாவது வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முனை பொருந்தினால் வேலை முடிந்தது என்று நம்புவது, தரக்கட்டுப்பாட்டில் ஆயுளைக் கழித்தவனுக்கு அழகான முடிவுதான்.

அன்று சாயங்காலம் அவர் வந்து, படுக்கையறையில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏங்க்கா இங்க படுத்திருக்கீங்க?"

"சும்மாதான்."

"சும்மான்னா? ஒடம்பு வலிக்குதா, மனசு சரியில்லையா?"

"படம் இல்லம்மா." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழுதாள். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

அவர் அவளைக் கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்து வந்தார். ஆம்ப்ளிஃபயரின் மாடல் எண்ணை நான் சொல்லத் தொடங்கினேன். "இருங்க சார். அக்கா, நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க, பின்னாடி என்னென்ன ஓட்டை இருக்குது?" என் மனைவி விரலால் தடவி, இரண்டு வட்டம், பக்கத்தில் பக்கத்தில், நடுவில் சின்ன முளை என்றாள். அதையே மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த விடுமுறையில் என்னை பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினோம்; எல்லையில் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள்ளாகவே பஸ்ஸில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் கதை தெரிந்துவிட்டது. அந்தத் தெருவில் நான் ஒரு கடையில் ஏறி, தொழில்நுட்பச் சொற்களை வரிசைப்படுத்தி, எச்டிஎம்ஐயை ஆர்சிஏவாக, அதாவது சிவப்பு, வெள்ளைத் துளைக்கு ஏற்றபடி, மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும் என்றேன். கடைக்காரர் நான் ஏற்கெனவே வாங்கியிருந்த அதே கேபிளை எடுத்து நீட்டினார். நம்மவர் அடுத்த கடையில் ஏறினார்.

"அண்ணா, பிக்சர் பேரே, சவுண்டு பேரே மாடோ டப்பா ஒந்து பேக்கு. இத்யா?"

படம் வேறு, சத்தம் வேறாகப் பிரிக்கிற பெட்டி ஒன்று வேண்டும், இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதற்கு அம்மா பிரிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். வாயைத் திறந்தால் என் மனைவியின் கண்ணிலிருந்து ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆரம்பித்தார். இடது கண், வலது கண், இடி விழுந்தது, சார் வாங்கிய உருப்படாத கேபிள், ஒன்றும் விடவில்லை. கடைக்குக் கடை, மாடிக்கு மாடி, அதே கதை. நான் கொஞ்சம் தள்ளி நின்று, சம்பந்தமில்லாதவன்போல மின்விசிறி ரெகுலேட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொருவரும் அவரை இன்னொருவரிடம் அனுப்பினார்கள். கடைசியில் ஒரு குறுகலான மாடிப்படியின் மேலே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் இறங்க வேண்டிய கடையில், ஒரு பெரியவர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். ஆம்ப்ளிஃபயரில் என்ன துளை என்றார். "ரெண்டு வட்டம், நடுவுல சின்ன மொளை" என்று இவர் விரலால் காற்றில் வரைந்தார். பெரியவர் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதான கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ உள்ளே போகும். மறு பக்கம் படம் டிவிக்குப் போகும். சத்தம் தனியாக சிவப்பு, வெள்ளைத் துளைகளில் வெளியே வரும். ஆடியோ எக்ஸ்ட்ராக்டர், அதாவது சத்தம் பிடுங்கி, என்று பெயராம். கேட்டதும் எனக்குக் கடைவாய்ப்பல் கூசியது.

"ஓடலேன்னா திரும்ப எடுத்துப்பீங்களாண்ணா? மாட்டறது யாரு, நாங்களேவா? கரன்ட் தனியா குடுக்கணுமா?" என்று இவர் தொடங்கினார். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, அந்த அம்மாவுக்குச் சத்தம் கேட்டால் தனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லும்படி கன்னடத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார். ரெகுலேட்டர் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் அந்த அம்மாவின் கணவன் என்று கடைசியில் அவருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, நானே மாட்டினேன். எது எதில் போக வேண்டும் என்பதில் இந்த முறை தவறு இல்லை. பெட்டியில் விளக்கு எரிந்தது. டிவியில் படம் வந்தது. ஆம்ப்ளிஃபயரில் சத்தம் மட்டும் இல்லை. என் மனைவி நடு நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வரலியா?" என்றாள்.

"வரும்" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியாது.

"சரி, விடுங்க" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். "அதுக்குள்ள என்னங்க்கா? ஃபோன் இருக்குதில்ல?"

பிளேயர் கம்பெனியின் உதவி எண்ணை நான் முன்பே முயன்றிருந்தேன். தமிழுக்கு உரிய எண்ணை அழுத்தி, சங்கீதம் கேட்டுக் கேட்டு, இணைப்பு அறுந்துபோகும்வரை கேட்டிருந்தேன். அவர் எண்களை அமுக்கிவிட்டு, மொழி கேட்டதும் கன்னடத்துக்கு அழுத்தினார்.

"தமிழ் லைன்ல எப்பவும் கூட்டம் சார். தெலுங்குலயும் கூட்டம். கன்னடத்துல போனா டக்குன்னு எடுப்பாங்க. நாங்க இங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் போடுவோம்."

உடனே எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டார். எடுத்த பெண்ணின் பெயர், ஊர், சாப்பிட்டாயா என்பதெல்லாம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தார். பிளேயரை அணைத்துப் போடுங்கள் என்றது அந்தக் குரல். அதெல்லாம் சார் பண்ணிவிட்டார் என்றார் இவர். அப்படியானால் கடைக்கு எடுத்துப் போங்கள் என்றது.

"நின் பக்கதல்லி யாரிதாரே? அவர்ன கேளம்மா."

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேளம்மா என்று ஒரு கம்பெனியின் உதவி மையத்துக்கே சொல்லலாம் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.  மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை, யாரோ ஒரு ஆண் குரல், இன்னொரு குரல். அந்தப் பெண் திரும்பி வந்து, ஆடியோ அமைப்பில் பிட்ஸ்ட்ரீம் என்று இருக்கும், அதை பிசிஎம் என்று மாற்றச் சொல்கிறார்கள் என்றாள். பிளேயர் சத்தத்தை மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சின்னப் பெட்டிக்கு மூட்டை பிரிக்கத் தெரியாது. பிரித்தே அனுப்ப வேண்டும்.

நான் ரிமோட்டை எடுத்து அமைப்புகளுக்குள் போனேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆலையில் அடுத்த சில வருஷங்களில் அந்தக் கண்ணாடித் தடுப்பை எடுத்துவிட்டார்கள். எந்தப் பிரிவுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லத் தொடங்கியது. நம்மவர் தன் மகளோடு சேலத்துக்குப் போய்விட்டார். அவருக்கு நான் முறையாக நன்றி சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும் "எதுக்கு சார்?" என்று கேட்டிருப்பார், நான் விளக்கியிருக்க வேண்டும். இப்போது விளக்கியாயிற்று.

பிசிஎம்முக்கு மாற்றியதும் முதலில் மழை வந்தது. படத்தில்தான். ஹாலின் இரண்டு பக்கத்திலும் மழை. பின்னால் இருந்த ஸ்பீக்கர்களுக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் தன் பங்கைப் பிரித்துக் கொடுத்தது. ஒரு கதவு வலப்பக்கம் திறந்தது. ஈரச் செருப்போடு யாரோ இடப்பக்கமாக நடந்தார்கள். போனில் அந்தப் பெண் "சவுண்டு பந்தா மேடம்?" என்று, சத்தம் வந்ததா எனக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருவரும் ரிமோட்டும் போனுமாக, இடப்பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றபடி என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தலை அந்தச் செருப்புச் சத்தத்தோடு மெல்லத் திரும்பி, எங்களிடம் வந்து நின்றது. புருவம் சுருங்கியது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படம் மறைக்குது."